நான்காவது போத்தல்

“அத்தான், ஒரு சந்தேகம்.”

பிள்ளையார் கோயில் மண்டபத்தில் என் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் பாதி கடந்திருந்தது. வழக்கமாகப் பதினைந்து பேர் அமரும் பாய்களில் அன்று நூறு பேருக்குக் குறையாமல் இருந்தனர். பலருடைய மடியில் வெறும் பிளாஸ்டிக் கான்கள். பிரசங்கம் முடிந்ததும் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் போவதற்காகக் கொண்டுவந்தவை.

எழுந்து நின்றவர் என் மனைவியின் தம்பி சிவஞானம். சாம்பல்தீவில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். என் பிரசங்கத்துக்கு அவர் வந்தது அதுவே முதல் தடவை. வந்தவர் முன்வரிசையில் அமர்ந்து நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தலையாட்டும் சிவஞானத்தை நான் அதற்கு முன் கண்டவனல்லேன். அப்போதே எச்சரிக்கை அடைந்திருக்க வேண்டும்.

“கேளும்” என்றேன்.

“கங்கை கடலுக்குக் கீழால கன்னியாவுக்கு வந்தது எண்டு மிசின் சொன்னா நம்புறியள். நான் றெயினிலயும் பஸ்ஸிலயும் மடியில வைச்சுக் கொண்டுவந்தனான் எண்டு சொன்னா மட்டும் ஏன் நம்புறியள் இல்லை?”

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அவருக்கு விடை சொல்ல வாயைத் திறந்தேன். கண்முன்னே ஒரு போத்தல் வந்து நின்றது. அதன் நெற்றியில் 4 என்று எழுதியிருந்தது. கழுத்தின் கீழே நான்கு விரற்கடை வெறுமையாக இருந்தது.

சடையிலே புனலைத் தாங்கியவனின் பெருமையை அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் புனலை அந்தப் போத்தலுக்குள் விட்டவன் அவனல்லன், நானே.

ஏழு கிணறு, ஏழு போத்தல்

கதை சில மாதங்களுக்கு முன் தொடங்குகிறது.

கலாநிதி றெஜினா மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் புவிச்சரிதவியல் விரிவுரையாளர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய தகப்பனார் அந்தோனிப்பிள்ளையும் நானும் துறைமுக அலுவலகத்தில் ஒரே மேசையின் இரு பக்கங்களில் இருந்தவர்கள். அவர் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போவார். நான் பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போவேன். மற்ற நேரமெல்லாம் இருவருமாகக் கடல்மட்டத்தை அளந்தோம்.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் ஆராய்வதற்காக றெஜினா வந்திருந்தார். தாயின் ஈமக்கடனுக்கு நீர் வேண்டி இலங்கை வேந்தன் நிலத்தை ஏழு முறை குத்தினான், ஏழு ஊற்றுப் பிறந்தது என்பது எங்கள் ஊர்க் கதை. இன்றும் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அங்கே போய், ஏழு கிணற்றிலும் ஒவ்வொரு வாளியாக அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்கிறோம். ஒன்றில் சூடு இதமாக இருக்கும். அடுத்ததில் வாய்விட்டுத் திருநாமம் சொல்ல வைக்கும்.

றெஜினாவின் கேள்வி எளிமையானது. ஏழும் ஒரே நீரா, வெவ்வேறு நீரா?

“உடம்பைச் சுட்டால் எல்லாம் ஒண்டுதானே, பிள்ளை” என்றேன்.

“சூடு வழியில மாறும், மாமா. தண்ணியின்ர பிறப்பு மாறாது.”

கிணற்றடியில் அவர் குனிந்து குமிழிகளைக் காட்டினார். நீராவி அவருடைய கண்ணாடியை மறைத்துவிட்டது.

“இந்தக் குமிழுக்குள்ள ஈலியம் எண்டு ஒரு வாயுவும் இருக்கு. கீழ இருக்கிற பாறையில யுரேனியம், தோரியம் எண்ட அணுக்கள் கோடிக்கணக்கான வருசமாத் தாங்களாவே உடைஞ்சுகொண்டு இருக்கு. ஒருத்தரும் அடிக்கிறதுமில்லை, நெருப்பு வைக்கிறதுமில்லை. உடையேக்க இது பிறக்குது.”

எனக்கு மெய்சிலிர்த்தது. கூத்தன் அம்பலத்தில் மட்டும் ஆடுகிறான் என்று எண்ணியிருந்தேன். கருங்கல்லின் வயிற்றுக்குள்ளும் அவன் கால் ஓயவில்லை என்பதற்கு இந்தக் குமிழி சாட்சி. அதை உரக்கச் சொன்னேன். றெஜினா பணிவோடு கேட்டுவிட்டு, “வாளியைக் கொஞ்சம் பிடியுங்கோ, மாமா” என்றார்.

ஏழு போத்தல்கள். ஒவ்வொன்றிலும் காற்றுக் குமிழ் ஒன்றேனும் நில்லாதபடி கழுத்துவரை நீர் நிரப்பி, மூடியை முறுக்கி, எண் எழுதினார். மறுநாள் அவர் புல்மோட்டைக்குப் போய்க் கடற்கரைக் கறுப்பு மணலிலும் மாதிரி எடுக்க வேண்டியிருந்தது. அதுவரை போத்தல்களை வைக்க வெயில்படாத குளிர்ந்த இடம் வேண்டும்.

“சாமியறையில வையும், பிள்ளை. சீமெந்து நிலம், சில்லெண்டு இருக்கும். எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒருத்தரும் போறதில்லை” என்றாள் என் மனைவி யோகம்.

“ஒருத்தரும் தொடாமல் இருந்தால் சரி” என்றார் றெஜினா.

ஒருத்தரும் என்றால் மற்றவர்கள் என்றே நான் விளங்கிக்கொண்டேன். இது என் வாழ்நாள் முழுவதும் என்னோடு வந்த குறைபாடு. மனித குலத்துக்குச் சொல்லப்படும் விலக்குகளில் என்னைச் சேர்த்து எண்ண எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

சேது மணல் பேசியது

அன்று மாலை றெஜினா, மறுநாள் வேலைக்காகத் தம் கருவியொன்றைச் சோதித்துப் பார்த்தார். கைக்கு அடக்கமான பெட்டி. கதிரியக்கம் இருக்கும் இடத்தில் டிக், டிக் என்று ஒலிக்கும். எங்கள் கூடத்தில் அது எப்போதாவது ஒருமுறை, வயோதிகர் செருமுவதுபோல் ஒலித்தது.

சாமியறை வாசலுக்கு வந்ததும் அதன் குணம் மாறிவிட்டது. டிக்டிக்டிக் என்று பொரியத் தொடங்கியது.

என் உள்ளம் பூரித்தது. மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கருவியும் உணர்கிறது என்று சொல்லி, கைகூப்பவும் செய்தேன். றெஜினா பெட்டியை மூர்த்திக்கு நேரே பிடித்தார். ஒலி அடங்கியது. பக்கத்திலிருந்த பித்தளைச் செப்புக்கு நேரே பிடித்தார். ஒலி கொதித்தது.

“இதுக்குள்ள என்ன, மாமா?”

“சேது மணல். இவளின்ர தம்பி இராமேசுவரத்தில இருந்து கொண்டுவந்தது.”

றெஜினா ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் பரப்பினார். கன்னங்கரேலென்று இருந்தது. அது ஏன் கறுப்பு என்று நானும் முன்பொருமுறை சிவஞானத்தைக் கேட்டதுண்டு. “பாலம் கட்டேக்க கல்லெல்லாம் உரஞ்சின இடம் அத்தான், கறுக்காமல் என்ன செய்யும்” என்று சொல்லியிருந்தார். அந்த மணலில் பல சிவராத்திரிகளுக்கு இலிங்கம் பிடித்து வழிபட்டிருக்கிறேன்.

“எனக்கென்னவோ இது புல்மோட்டை மணல் மாதிரி இருக்கு” என்றார் றெஜினா. “அதில மொனசைட் எண்டு ஒரு தாது இருக்கு. அதுக்குள்ள தோரியம். பயப்பிட ஒண்டுமில்லை, ஒரு சிட்டிகைதானே. ஆனா நாளைக்கு நான் தேடிப் போறது இதைத்தான்.”

உடனே சிவஞானத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் மறுக்கவில்லை.

“பை வழியில கிழிஞ்சு போச்சுது, அத்தான். அக்கா கவலைப்படுவா எண்டு புல்மோட்டையில இறங்கி ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தனான்.”

“அப்ப, அதோட கொண்டுவந்து தந்த கங்கைத் தண்ணிச் செம்பு?”

“அது சத்தியமா அசல். கங்கோத்திரியில பனி உருகி விழுற இடத்தில என்ர கையால பிடிச்சு, கீழ வந்து ஈயம் பத்தவைச்சனான்.”

நான் தொலைபேசியை வைத்தேன். மணலில் பொய்த்தவன் நீரில் மெய்ப்பானா? செம்புக்குள் இருப்பது சாம்பல்தீவுக் கிணற்று நீர் என்று அந்தக் கணமே தீர்ப்பெழுதினேன்.

யோகம் தம்பியை விட்டுக்கொடுக்கவில்லை. “சேதுவும் புல்மோட்டையும் ஒரே கடல்தானே. மணலுக்கு ஊர் தெரியுமே?” என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

கடலை அளந்தவன்

இந்தத் தொடரின் சென்ற கிழமை அத்தியாயத்தைப் படித்த மட்டக்களப்பு வாசகர் ஒருவர், “முப்பது ஆண்டு கடலை அளந்தீர்களே, கடல் கூடியதா, குறைந்ததா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். இரண்டும், நாளொன்றுக்கு இரண்டு தடவை.

நான் துறைமுகத்தில் வற்றுப்பெருக்கைப் பதிந்த எழுதுவினைஞன். மணிக்கொருதரம் அளவுகோலைப் பார்த்துப் பதிவேட்டின் கட்டத்துக்குள் எண்ணை எழுத வேண்டும். மழையாலோ புயலாலோ ஒரு வேளை அளவு தவறிவிட்டால், அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்க வேண்டும். முன்னதையும் பின்னதையும் பார்த்து நடுவிலே ஓர் எண்ணைப் போட்டு நிரப்புவது எளிது. யாருக்கும் தெரியாது. ஆனால் கடல் சொல்லாததைக் கடல் சொன்னதாக எழுதுவது அது.

அந்தோனிப்பிள்ளை ஒருமுறை அப்படி நிரப்பிவிட்டார். ஒரு பகல் முழுவதும் அவரோடு நான் பேசவில்லை. மாலையில் அவரே வந்து, “சரி ஐயா, அழிச்சுப்போட்டன். உங்கட வெறும் கட்டம் அங்கயே இருக்கு, போய்க் கும்பிடுங்கோ” என்றார்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. வெற்றிடத்தை நிரப்பாதே என்று முப்பது ஆண்டு பிறருக்குச் சொன்னவன் நான்.

குறைகுடம்

மறுநாள் விடிந்ததும் றெஜினா புல்மோட்டைக்குப் புறப்பட்டுவிட்டார். நான் நீராடி, நீறணிந்து, சாமியறைக்குள் சென்றேன். மூர்த்தியின் முன்னால் ஏழு போத்தல்கள் வரிசையாக நின்றன. ஆறு நிறைந்திருந்தன. நான்காவதில் நான்கு விரற்கடை குறைவு. உப்பளவு பார்ப்பதற்காக றெஜினா முதல்நாள் மாலை அதிலிருந்து கொஞ்சம் எடுத்திருந்தார். அது எனக்குத் தெரியாது.

சந்நிதியில் குறைகுடம் ஆகாது. நிறைகுடம் வைத்தே எங்கள் வீட்டில் எல்லாம் தொடங்கும். குறையோடு ஒரு பாத்திரம் கண்முன்னே நிற்கும்போது தீபம் காட்ட எனக்குக் கை எழவில்லை.

குழாய் நீரை ஊற்றலாமா என்றால் அதில் மருந்து வாசம். வெளியே எடுத்து வைக்கலாமா என்றால் வெயில். அப்போதுதான் கண் செம்பின்மேல் விழுந்தது.

அந்தச் செம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கங்கை நீர் என்று கொண்டுவந்தால், அதைத் திறக்காமல் வைத்திருந்து, உயிர் பிரியும் வேளையில் வாயிலே விடுவது வழக்கம். சிவஞானம் தந்த நாளிலிருந்து யோகம் அதை அதற்கென்றே காத்துவந்தாள். வெள்ளிதோறும் துடைப்பாள், குலுக்கிப் பார்த்து, நீர் இருக்கிறது என்று நிம்மதி அடைவாள்.

ஆனால் முதல்நாள் மாலை நான் தீர்ப்பெழுதிவிட்டேனே. உள்ளே இருப்பது சாம்பல்தீவு நீர். கன்னியாவும் சாம்பல்தீவும் ஒரு மாவட்டம். ஊர் நீரோடு ஊர் நீர் சேர்வதில் தோஷம் என்ன? ஒருவேளை கங்கையே என்றாலும் புண்ணியம்தான். எப்படிப் பார்த்தாலும் நட்டமில்லை என்று சாத்திரம் எனக்குள் பேசியது.

பாக்குவெட்டியின் முனையால் ஈயத்தை நெம்பினேன். நான்காவது போத்தல் கழுத்துவரை நிறைந்தது. செம்பிலே ஒரு வாய் நீர் மிஞ்சியது. மெழுகுதிரியை உருக்கி மூடியை ஒட்டி, மேலே சந்தனம் பூசி, குங்குமம் வைத்தேன்.

“இண்டைக்கென்ன, செம்புக்கு அலங்காரம்?” என்றாள் யோகம்.

“வெள்ளிக்கிழமை” என்றேன்.

அன்று வெள்ளிக்கிழமைதான். அந்த அளவில் அது பொய்யன்று. சந்தனம் கலையக் கூடாதென்று யோகமும் அதன்பின் செம்பைத் தூக்கிக் குலுக்காமல், சுற்றிலும் மட்டும் துடைத்துவந்தாள்.

இலேசான நீர்

ஆய்வுகூடத்து இயந்திரம் பழுதாகி, திருத்தப்பட்டு, வரிசையில் றெஜினாவின் முறை வருவதற்கு மாதங்கள் ஆயின. ஒரு புதன்கிழமை பிற்பகல் அவர் பேசினார். யோகமும் கேட்பதற்காகத் தொலைபேசியை மேசையில் வைத்தோம்.

“மாமா, ஒரு அதிசயம். ஆறு கிணறும் ஒரே தண்ணி. இஞ்சத்தை மழை கீழ இறங்கிச் சூடாகி வருது. நாலாவது மட்டும் வேற.”

“எப்படி வேற?”

“தண்ணியில இருக்கிற ஒட்சிசன் எல்லாம் ஒரே நிறையில்லை. இலேசானதும் இருக்கு, கொஞ்சம் பாரமானதும் இருக்கு. ஒரே மூலகம், நிறைதான் வித்தியாசம். சமதானி எண்டு சொல்லுவம். கடலில இருந்து மேகம் வெளிக்கிடேக்க இரண்டும் கலந்து போகும். பாரமானது முதல் முதல் மழையாய் விழுந்திடும். மேகம் உள்ளுக்குப் போகப் போக, மலையில ஏற ஏற, மிஞ்சிறது இலேசானதுதான்.”

“கதிர்காமத்துக்கு நடந்து போற ஆக்கள் மாதிரி” என்றாள் யோகம். “பாரமான ஆக்கள் தொடக்கத்திலயே வெருகலோட நிண்டிடுவினம். போன முறை இவரும் வெருகலில பஸ் ஏறினவர்.”

“அதேதான், மாமி” என்றார் றெஜினா, என் மனத்தைப் பொருட்படுத்தாமல். “அப்ப, மிகவும் இலேசான தண்ணி எண்டால் மிகவும் உயரத்தில பனியாய் விழுந்தது எண்டு அர்த்தம். நாலாவது போத்தலில கால்வாசி அப்பிடித் தண்ணி. இலங்கையில பனி விழுற மலை ஏது? எனக்கு விளங்கேல்லை. வாற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் கொழும்பில கருத்தரங்கு. அதில இதை வாசிக்கப் போறன். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.”

ஒருத்தருக்கும் என்பதில் என் பிரசங்கத்துக்கு வருவோர் அடங்குவர் என்று நான் நினைக்கவில்லை.

பனிமலை நீர் கன்னியாவில். என் கண்கள் நிறைந்தன. நிலத்தின் கீழே கங்கை வந்து கலக்கும் தீர்த்தங்களைப் பற்றி எத்தனை தலபுராணக் கதைகள் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊருக்கும் அந்தப் பேறு கிடைத்துவிட்டது. அதற்கு ஆய்வுகூடமே சான்று. செம்பின் நினைவு எனக்கு ஒருசிறிதும் வரவில்லை. வருவது எப்படி? செம்பிலிருந்தது சாம்பல்தீவு நீர் அல்லவா?

அந்த வெள்ளிக்கிழமை மண்டபத்தில் அறிவித்தேன். சனிக்கிழமை நான்காம் கிணற்றைச் சுற்றி வரிசை. ஞாயிறன்று வரிசை வாசல்வரை வந்தது. மற்ற ஆறு கிணறும் விருந்தில் கவனிக்கப்படாத உறவினர்போல் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. மூட்டுவலிக்காரர் ஒருவர் நான்கு கான் எடுத்துப் போனார். இறக்கக்கண்டியிலிருந்து ஒரு குடும்பம் வான் பிடித்து வந்தது. தெருவில் என்னைக் கண்டவர்கள் சைக்கிளை நிறுத்தி இறங்கினார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் சிவஞானம் எழுந்து நின்றார்.

வெறும் கட்டம்

அவருடைய கேள்வியோடு மங்களம் பாடி, பாதியிலேயே பிரசங்கத்தை முடித்தேன். “ஐயாவுக்கு அருள் வந்திட்டுது” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து கதிரையில் அமர்ந்து யோசித்தேன். திங்கட்கிழமை றெஜினா கொழும்பிலே, படித்த பெரியோர் முன்னிலையில், நான்காம் கிணற்றில் பனிமலை நீர் என்று வாசிப்பார். அது அவருடைய பெயரோடு அச்சாகும். பின்பு யாரேனும் ஒருவர் வந்து அந்தக் கிணற்றில் மீண்டும் அள்ளி அளப்பார். பனி இருக்காது. அந்தோனிப்பிள்ளையின் மகள் கடல் சொல்லாததை எழுதினார் என்றாகும்.

நான் பேசாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. சைக்கிள்கள் தொடர்ந்து நிற்கும். யோகம் செம்பைத் தொடர்ந்து துடைப்பாள்.

சனிக்கிழமை காலை றெஜினாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். “பிள்ளை, நீ ஒருக்கா உடன வா.”

“என்ன மாமா, சுகமில்லையோ?”

“சுகத்துக்குக் குறைவில்லை. இதில கதைக்க ஏலாது.” யோகம் அருகிலே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பிற்பகல் றெஜினாவின் வான் வாசலில் வந்து நின்றது. றெஜினா தேநீரைக் கையில் எடுத்தார். யோகம் குசினிக்குள் போகும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். குறைகுடம், பாக்குவெட்டி, மெழுகு, சந்தனம்.

அவர் தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தார். முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. இரண்டும் ஒன்றையொன்று முந்த முயன்று, முடிவில் இரண்டும் போயின.

“மாமா, அப்பா சொல்லுவார், வெறும் கட்டத்தை நிரப்பினதுக்காக நீங்கள் அவரோட ஒரு நாள் முழுக்கக் கதைக்கேல்லை எண்டு.”

“ஓம், பிள்ளை.”

“நான் உங்களோட எத்தினை நாள் கதைக்காமல் இருக்க?”

நான் தலை குனிந்தேன். என் வயதில் தலை குனிந்தால் நிமிரக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

“சரி, விடுங்கோ. இப்பவே போய் நாலாவது கிணத்தில புதுசா அள்ளுறன். நாளைக்கு ஞாயிறு, இயந்திரம் சும்மாதான் நிக்கும், நானே ஓட்டிப் பாக்கலாம். ஆனா பிழை எங்கயிருந்து வந்தது எண்டும் காட்ட வேணும். இல்லாட்டி இயந்திரத்தைச் சந்தேகப்படுவினம். அந்தச் செம்பில மிச்சம் இருக்கோ?”

“எந்தச் செம்பு?” என்ற குரல் குசினி வாசலில் கேட்டது.

அடுத்து நடந்ததை விரித்து எழுதப்போவதில்லை. யோகம் செம்பை எடுத்துக் காதருகே குலுக்கினாள். ஒரு வாய் நீரின் ஒலி மட்டும் வந்தது. சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். மெழுகு தெரிந்தது.

“என்ர வாயில விட வைச்ச தண்ணியைப் போத்தலுக்க ஊத்தினியளோ?”

“சாம்பல்தீவுத் தண்ணி எண்டு நினைச்சு...”

“நினைச்சியள்.”

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவள் என் பக்கம் திரும்பவில்லை. றெஜினாவிடம், “உமக்கு எவ்வளவு வேணும், பிள்ளை?” என்று கேட்டாள்.

“ஒரு தேக்கரண்டி காணும், மாமி.”

யோகம் தன் கையாலேயே ஒரு தேக்கரண்டி அளந்து, சிறு குப்பியில் விட்டாள். விளிம்பில் நின்ற ஒரு துளியைக்கூடச் செம்புக்குள் திருப்பித் தட்டினாள். துறைமுகத்தில் எவரும் அவ்வளவு துல்லியமாக அளந்து நான் கண்டதில்லை.

இயந்திரம் சொன்னது

ஞாயிறு பிற்பகல் றெஜினாவின் தொலைபேசி வந்தது. யோகம் எடுத்தாள். இப்போது அது அவளுடைய வழக்கு, நான் பிரதிவாதி.

நான்காம் கிணற்றில் புதிதாக அள்ளிய நீர், மற்ற ஆறோடும் ஒத்திருந்தது. ஏழும் ஒரே நீர். செம்பு நீர் அவற்றோடு சேரவே இல்லை. உயரத்தில், வெகு உயரத்தில், பனியாக விழுந்த நீர் அது. அதில் கால் பங்கும் கன்னியாவில் முக்கால் பங்கும் கலந்தால் என்ன வருமோ, அதுவே நான்காவது போத்தலில் முன்பு வந்திருந்தது.

“அப்ப தம்பி உண்மைதான் சொன்னவன்?”

“இது கங்கையோ எண்டு நான் சொல்ல ஏலாது, மாமி. ஆனா சாம்பல்தீவு இல்லை. பனிமலைத் தண்ணி எண்டது நிச்சயம்.”

திங்கட்கிழமை கருத்தரங்கில் றெஜினா ஏழு கிணறும் ஒன்றே என்று வாசித்தார். முதல் அளவு ஏன் மாறியது என்று ஒருவர் கேட்டபோது, “நலன்விரும்பி ஒருவரின் கலப்பு” என்று விடை சொன்னாராம். அந்தச் சொற்றொடருக்காக அவருக்கு என்றும் நன்றி உடையேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மண்டபத்தில் நானும் சொன்னேன். குறைத்துச் சொல்லவில்லை. பாக்குவெட்டியைக்கூட விடவில்லை. மூட்டுவலிக்காரர் கையை உயர்த்தினார்.

“ஐயா ஊத்தினது கங்கைத் தண்ணிதானே?”

“ஓம். ஆனால் ஊற்றியது போத்தலுக்குள். கிணற்றுக்குள் அல்ல.”

“எண்டாலும் கொஞ்சமாவது சிந்தியிருக்கும்” என்றார் அவர், கானை மடியில் அணைத்தபடி. “எனக்குச் சுகமாத்தான் இருக்கு.”

சிவஞானம் அன்றும் முன்வரிசையில் இருந்தார். பிரசங்கம் முடிந்ததும் அவரிடம் போனேன். தவறான தீர்ப்பு எழுதியதற்கு மன்னிப்புக் கேட்பது எப்படி என்று வழிநெடுக ஒத்திகை பார்த்த வாக்கியம் மறந்துவிட்டது.

“தண்ணியில பிழை சொல்லிப்போட்டன், சிவஞானம்.”

“மணலில பிழை விட்டிட்டன், அத்தான்” என்றார். “சரிக்குச் சரி.”

“இல்லை. உம்முடைய பக்கம் ஒரு சிட்டிகை. என்னுடைய பக்கம் ஒரு செம்பு.”

அவர் ஓம் என்று தலையாட்டினார். உண்மையாகவே ஆட்டினார்.

வீட்டில் மட்டும் வழக்கு முடியவில்லை. அன்று உணவு பரிமாறும்போது, தணிந்த குரலில் கேட்டேன்.

“யோகம், செம்பில மிச்சம் ஒரு வாய் இருக்குதானே?”

“இருக்கு.”

“நமக்குள்ள யார் முந்திப் போறமோ...”

“அது எனக்கு” என்றாள். “உங்களுக்குத் தம்பியின்ர கிணத்துத் தண்ணி காணும். அதைத்தானே நீங்கள் இவ்வளவு காலமும் நம்பினது.”

விளையாட்டென்று எண்ணினேன். மறுவாரம் சிவஞானம் வெங்காயத்தோடு ஒரு போத்தலும் கொண்டுவந்தார். தம் கிணற்றில் அள்ளியது. அக்கா சொன்னபடி காற்று நில்லாமல் கழுத்துவரை நிரப்பி, மூடியை முறுக்கி, மெழுகு வார்த்திருந்தார். யோகம் அதைத் துடைத்து, செம்புக்குப் பக்கத்தில் வைத்து, என் பெயரை எழுதினாள்.

இன்றும் அது சாமியறையில் இருக்கிறது. பக்கத்திலே புல்மோட்டை மணல். காலையில் தீபம் காட்டும்போது என் கண் தானாகவே போத்தலின் கழுத்துக்குப் போகிறது. நிறைந்தே இருக்கிறது. ஒருத்தரும் தொடக் கூடாது என்பது யோகத்தின் கட்டளை; இம்முறை அதில் என்னையும் சேர்த்தே எண்ணிக்கொள்கிறேன்.